அறுபது அருகிடங்கள்

வாயில்தூணில் சிவப்பு விளக்கு எரிந்தது. தானோடி தன் வேகத்தைக் குறைக்கக்கூட இல்லை. “இன்றைய வரம்பு எழுபத்தொன்று. உங்கள் நோவெண் ஐம்பது. புறநிறுத்தத்துக்குச் செல்கிறோம்” என்று இனிமையாகச் சொல்லிவிட்டு மருத்துவமனை வாசலைத் தாண்டிப் போனது. நறுமுகை கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். அவள் வேலை செய்யும் மருந்தகத்தின் கதவு அந்த வாசலிலிருந்து பதினாறு அடி. கைப்பிடியைக்கூட ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். ஓடும் வண்டியில் அது திறக்காது என்று அவளுக்குத் தெரியும்.

கோவையின் உள்வட்டத்தில் எந்த வண்டியும் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. ஓட்ட ஆளில்லாத தானோடிகள் அங்கே ஒன்றின் வாலை ஒன்று பிடித்தபடி ஓடுகின்றன. ஒன்று நின்றால் பின்னால் வரும் ஐம்பதும் நிற்கும். ஆகவே எல்லோரும் வட்டத்துக்கு வெளியே புறநிறுத்தத்தில் இறங்கி நடந்து வரவேண்டும். மருத்துவமனைக்குத் தொள்ளாயிரம் மீட்டர். நல்ல காலுள்ளவருக்குப் பத்து நிமிடம். முதுகுத் தண்டும் இடுப்பு மூட்டும் இறுகிக்கொண்டே போகும் வாத நோய் கண்ட நறுமுகைக்கு அன்று ஐம்பது நிமிடம் ஆனது. புறநிறுத்தத்தில் எட்டுச் சக்கர நாற்காலிகள் இருந்த காலம் உண்டு. ஐந்து உடைந்துவிட்டன. மிச்ச மூன்றும் விடிந்த கையோடு போய்விடும்.

நடக்க முடியாதவர்களுக்கென்று மருத்துவமனை வாசலை ஒட்டி அறுபது அருகிடங்கள் உண்டு. முன்பெல்லாம் அதற்கு ஒரு நீல அட்டை போதும். டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார், வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளலாம். கொஞ்ச நாளில் ஊரில் பாதிப்பேர் கண்ணாடியில் நீல அட்டை முளைத்துவிட்டது. நீல அட்டை போட்ட காரிலிருந்து பூப்பந்து மட்டையும் கையுமாக ஓர் இளைஞன் குதித்து இறங்கியதை நறுமுகையே படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாள். பொய் சொல்ல முடியாத ஒரு வழி வேண்டும் என்று வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவர்களில் அவளும் ஒருத்தி. ஐந்து ஆண்டுகளுக்கு முன் நோவுமானி வந்தபோது கைதட்டியவர்களிலும் ஒருத்தி.

நோவுமானி என்பது கணுக்காலில் மாட்டும் ஒரு வளையம். காலையில் எழுந்ததும் அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் முப்பது அடி நடக்கவேண்டும். நரம்பில் ஓடும் வலியை அடிக்கு அடி அளந்து, நூற்றுக்கு இவ்வளவு என்று ஓர் எண் தரும். அதுதான் நோவெண். நொண்டி நடித்தால் அதற்குத் தெரிந்துவிடும். செருப்புக்குள் கல்லைப் போட்டுக்கொண்டு நடந்தாலும் தெரிந்துவிடும். ஏழு மணிக்கு எல்லோருடைய எண்களையும் வரிசைப்படுத்தி, முதல் அறுபது பேருக்கு அன்றைக்கான அனுமதி. அறுபதாவது ஆளின் எண்தான் அன்றைய வரம்பு. பட்டியல் முடிந்தபிறகே வளையம் மாட்டியவர்களின் வண்டி கிளம்பும், வரம்பை வாயில்தூணில்தான் சொல்லும்.

ஐந்து ஆண்டுகளில் நறுமுகைக்கு ஒருநாளும் அனுமதி தவறியதில்லை. இந்த மாதம் டாக்டர் ஒரு புதிய நோவாற்றி மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரவு உணவோடு ஒன்று போட்டால் மறுநாள் பொழுது சாயும்வரை தாங்கும். வலியை மட்டுமல்ல, மூட்டு வீங்கித் தேய்வதையும் அது தடுக்கும். பல வருடங்களுக்குப் பிறகு அவள் குனிந்து தன் செருப்பு வாரைத் தானே மாட்டினாள். அந்த வாரமே வாயில்தூண் அவளுக்குச் சிவப்பைக் காட்டத் தொடங்கியது. மாத்திரை போட்டாலும் முப்பது அடிதான் அவளால் சமாளிக்க முடியும். தொள்ளாயிரம் மீட்டர் முடியாது. இந்த வித்தியாசம் வளையத்துக்குப் புரியவில்லை.

மூன்று நாள் தாமதமாக வந்தபின் மருந்தகத் தலைவர் அவளைக் கூப்பிட்டு, காலை எட்டு மணிக்குக் கவுண்டர் திறந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போடுவதைத் தவிர வழியில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். அன்றே அவள் அனுமதி அலுவலகத்துக்குப் போனாள். அங்கே ஆதவன் என்ற உதவி அலுவலர், பொறுமையான மனிதர், அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். டாக்டர் சான்றிதழை நீட்டினாள். சான்றிதழ் வாங்கும் வழக்கமே இப்போது இல்லை என்றார். வரம்பு யார் வைப்பது என்று கேட்டாள். யாரும் வைப்பதில்லை, அது தானாக வருவது என்றார்.

“உங்களுக்கு யாரும் அனுமதி மறுக்கலீங்க மேடம். உங்களுக்கு முன்னாடி அறுபது பேர் இருந்தாங்க, அவ்வளவுதானுங்க.”

அவள் எழுந்தபோது அவர் தயங்கித் தயங்கி, மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அதற்குமேல் தான் எதுவும் சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தார்.

அன்று இரவு உணவின்போது அவள் மாத்திரையை எடுக்கவில்லை. கணவன் மாறன் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அவள் நகர்த்தி வைத்தாள். அவனுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

“வாசல்ல எறங்கறதுக்காக ஒடம்பக் கெடுத்துக்குவியா முகை?”

“வாசல்ல எறங்கலீன்னா வேலையில்லீங்க. வேலை போச்சுன்னா அங்க குடுக்கற இந்த மாத்திரையும் இல்ல. ரெண்டும் ஒண்ணுதான்.”

மாறன் அட்டையை எடுத்து அலமாரியில் வைத்தான். மறுநாள் காலை கூடத்தில் அவள் முப்பது அடி நடக்கும்போது அவன் பின்கட்டுக்குப் போய் நின்றுகொண்டான். நாலாம் நாள் வளையம் எண்பத்து மூன்று என்று காட்டியது. வாயில்தூண் பச்சையானது. வண்டி வாசலில் நின்றது. பதினாறு அடியை அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே கடந்தாள். எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. உட்கார்ந்து அழுதாள். அது சந்தோஷத்தாலா, இடுப்பில் ஆணி இறக்கியதுபோல் இருந்ததாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆனால் வரம்பு நிற்கவில்லை. எழுபத்தொன்றாக இருந்தது எழுபத்தாறானது. அடுத்த வாரம் எண்பது. அதற்கடுத்த வாரம் எண்பத்து நாலு. ஒவ்வொரு காலையும் எழுந்ததும் அவள் முதலில் தேடியது, நேற்றைவிட இன்று அதிகமாக வலிக்கிறதா என்பதைத்தான். வலி குறைந்திருந்தால் பயந்தாள்.

ஏன் ஏறுகிறது என்பது மருந்தகத்திலேயே அவளுக்குத் தெரியவந்தது. கணுக்காலில் வளையம் மாட்டிய நோயாளிகள் இருநூறு பேராவது அந்தக் கவுண்டரில்தான் நோவாற்றி வாங்குவார்கள். இப்போது அலமாரியில் அட்டைகள் வாங்க ஆளில்லாமல் அடுக்கடுக்காகக் கிடந்தன. ஒருநாள் காலை யுவராஜ் வந்தார். அறுபத்தெட்டு வயது. மனிதர்கள் பேருந்து ஓட்டிய காலத்தில் ஓட்டுநராக இருந்து, ஒரு விபத்தில் முழங்காலுக்குக் கீழே வலது காலை இழந்தவர். பொய்க்கால் உரசி உரசி வெட்டுப்பட்ட இடம் எப்போதும் புண்தான். அவர் மனைவி பக்கவாதத்தில் மேல்மாடி வார்டில் ஏழு மாதமாகக் கிடந்தாள். வேறு யார் ஊட்டினாலும் அவள் வாய் திறப்பதில்லை. அதனால் அவர் தினமும் காலையில் வந்தாகவேண்டும்.

யுவராஜ் பையிலிருந்து பிரிக்காத மூன்று அட்டைகளை எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

“இத எடுத்துக்குங்க அம்மிணி. வேற யாருக்காச்சும் ஆகும்.”

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். காய்ச்சல் கண்டவர்போல் கன்னம் ஒட்டியிருந்தது. தன் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. அவரும் அவளைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, நீங்களும் நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டார். அவள் தலையசைத்தாள். அவள் நிறுத்தியதால் வரம்பு ஏறியது. வரம்பு ஏறியதால் அவர் நிறுத்தினார். அவர் நிறுத்தியதால் இன்னொருவர். இருநூறு பேரும் இப்படி ஒருவர் வலியின்மேல் இன்னொருவர் ஏறி நின்றுகொண்டிருந்தார்கள். அப்படி ஏறியும் கிடைத்தது அதே அறுபது இடம்தான்.

வழி அவளுக்கு அங்கேயே, கவுண்டரில் நின்றபடியே தோன்றியது. அவ்வளவு எளிது அது.

“எல்லாரும் ஒரே நாள்ல முழுங்கீட்டா வரிசை அப்படியேதாங்க இருக்கும் ஐயா. வரம்பு மட்டும் எறங்கிரும். எடம் கெடைக்கறவங்களுக்குக் கெடைக்கும். கெடைக்காதவங்களுக்கு வலியாச்சும் இருக்காது.”

யுவராஜ் இதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு கொண்டுவந்த அட்டைகளைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அடுத்த பத்து நாளும் அவர்கள் இருவரும் அதே வேலையாக இருந்தார்கள். வளையம் மாட்டிய ஒவ்வொருவரிடமும் நறுமுகை மருந்துச்சீட்டைப் பார்ப்பதுபோல் குனிந்து விஷயத்தைச் சொன்னாள். யுவராஜ் வார்டுகளிலும் காத்திருப்புக் கூடத்திலும் சொன்னார். சிலர் உடனே ஒப்புக்கொண்டார்கள். சிலர் மற்றவர்கள் ஏமாற்றிவிட்டால் என்ன செய்வது என்றார்கள். அப்படிக் கேட்டவர்களிடம் நறுமுகை, நான் முழுங்குவேன், என்மேல் நம்பிக்கை வைத்து நீங்களும் முழுங்குங்கள் என்றாள். மருந்து கொடுக்கும் கை அவளுடையது. அதனால் நம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு உணவோடு எல்லோரும் ஒன்று போடுவது என்று முடிவானது. அலமாரியில் அடைந்து கிடந்த அட்டைகள் சனிக்கிழமைக்குள் தீர்ந்துவிட்டன.

ஞாயிறு இரவு மாறன் சந்தோஷமாகவே தோசை வார்த்துப் போட்டான். நறுமுகை மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தாள். இருநூறு பேரில் நாற்பது பேர் ஏமாற்றினாலும் போதும், திங்கட்கிழமை தனக்கு இடமில்லை. இனி ஒருநாள் தாமதமானாலும் வேலையில்லை, தலைவர் எழுத்திலேயே கொடுத்துவிட்டார். காத்திருப்புக் கூடத்தில் தலையசைத்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அந்தத் தடித்த மனிதர் முழுங்குவாரா? கண்ணைப் பார்க்காமல் அட்டையை வாங்கிக்கொண்டு போன அந்தப் பெண்? ஒவ்வொரு முகமாகச் சந்தேகப்பட்டு முடித்தபோது தோசை ஆறிப்போயிருந்தது. மாறன் சட்னி எடுக்கத் திரும்பினான். அவள் மாத்திரையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு தண்ணீரை மட்டும் குடித்தாள். ஒரே ஒரு நாள், எல்லோரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்களா என்று பார்த்துவிட்டு நாளையிலிருந்து போட்டுக்கொள்ளலாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலை அவளுடைய எண் எண்பத்தெட்டு. வாயில்தூணை நெருங்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

“இன்றைய வரம்பு ஐம்பத்தெட்டு. உங்கள் நோவெண் எண்பத்தெட்டு. அருகிடம் ஒன்றுக்குச் செல்கிறோம்.”

வண்டி நின்றது. அவள் இறங்கவில்லை. எண்பத்தாறில் இருந்த வரம்பு ஒரே இரவில் ஐம்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. அப்படியென்றால் எல்லோரும் முழுங்கியிருக்கிறார்கள். அந்தத் தடித்த மனிதர், கண்ணைப் பார்க்காத பெண், எல்லோரும். பக்கத்து அருகிடங்களில் வண்டிகள் வந்து நின்றன. வாரக்கணக்கில் சுருங்கிக்கிடந்த முகங்களோடு இறங்கியவர்கள் இன்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஒருவர் அவளை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். அவளும் கும்பிட்டாள்.

கவுண்டரில் அன்று கூட்டம். ஒன்பது மணி தாண்டியபின் யுவராஜ் வந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பொய்க்காலுக்கு மேலே வேட்டியில் புதிய இரத்தம் உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்திருந்தது. ஆனால் அவர் முகத்தில் கோபமில்லை. வார்டில் காலைச் சாப்பாட்டை எடுத்துப் போய்விட்டதாகவும், மனைவி பட்டினியாகக் கண்மூடிக் கிடப்பதாகவும், மதியம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். புண்ணுக்குப் பஞ்சும் மருந்தும் கேட்டார்.

“ஒரே ஒரு எண்ணுல போச்சுங் அம்மிணி. எனக்கு அம்பத்தேழு. ஆனா பாருங்க, நம்ம ஆளுக சொன்ன சொல்லக் காப்பாத்தீட்டாங்க. எனக்கு முன்னாடி போனவருக்கு என்ன முடியலியோ, பாவம்.”

நறுமுகை பஞ்சை எடுத்தாள். பஞ்சு கீழே விழுந்தது. குனிந்து எடுக்க அவளால் முடியவில்லை. தான் மாத்திரை போட்டிருந்தால் தன் எண் ஐம்பதுக்கு மேல் போயிருக்காது. அறுபதாவது இடம் அவருக்கு வந்திருக்கும். இருநூறு பேரில் பிசகியது தான் ஒருத்திதானோ என்னவோ. அவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டிருக்காவிட்டால் அவள் சொல்லியிருக்கமாட்டாள்.

“நான் முழுங்கலீங்க ஐயா.”

அவருக்கு உடனே புரியவில்லை. அவள் மறுபடியும் சொன்னாள். உங்கள் இடத்தில் இன்று நிற்பது என் வண்டிதான் என்றாள். இனி ஒருநாளும் இப்படிச் செய்யமாட்டேன், இன்று இரவு கட்டாயம் போடுவேன் என்றாள். யுவராஜ் கவுண்டரிலிருந்து கையை எடுத்தார். கடைசியில், சரிங் அம்மிணி, நானும் போடறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பினார். அவர் நகர்ந்தபோதுதான் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களை நறுமுகை பார்த்தாள். எட்டுப் பத்துப் பேர். எல்லோர் கணுக்காலிலும் வளையம். முன்னால் நின்ற பெண் தன் மருந்துச்சீட்டை மெதுவாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாள். அடுத்தவரும் போனார். அதன்பிறகு அன்று முழுக்க நோவாற்றி கேட்டு யாரும் வரவில்லை.

இரவு அவள் மாறன் பார்க்கும்படியாகவே மாத்திரையை விழுங்கினாள். நன்றாகத் தூங்கினாள். காலையில் முப்பது அடி நடந்தபோது எண் நாற்பத்தொன்பது.

“இன்றைய வரம்பு தொண்ணூறு” என்றது தானோடி.

அவள் எதையும் பிடித்து இழுக்கவில்லை. வாசலைக் கடக்கும்போது பார்த்தாள். அறுபது அருகிடங்களும் நிரம்பியிருந்தன. நேற்றுக் கும்பிட்டவர் தன் வண்டிக் கதவில் சாய்ந்து, வாயைக் கைக்குட்டையால் அடைத்துக்கொண்டு நின்றார். நோவுமானி அன்றும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அங்கே நின்றிருந்த அறுபது பேரும் அந்த ஊரிலேயே அதிகமாகத் துடிப்பவர்கள்தான்.

புறநிறுத்தத்தில் யுவராஜ் முன்பே இறங்கி நின்றார். அவளைக் கண்டதும் அருகில் வந்தார். கையில் தூக்குப்போசி. வார்டுச் சாப்பாட்டை நம்பாமல் வீட்டிலேயே கஞ்சி வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

“நான் வெளிய ஒருத்தருகிட்டயும் சொல்லலீங் அம்மிணி.”

“தெரியுங்க ஐயா. நான்தான் உங்கள உள்ள கூப்புட்டுச் சொல்லியிருக்கணும்.”

“சொல்லாமயே இருந்திருக்கலாம்” என்றார் அவர். குறையாகச் சொல்லவில்லை, யோசித்துச் சொன்னதுபோல் இருந்தது. பிறகு, நீங்கள் போட்டீர்களா என்று கேட்டார். அவள் புடவையைச் சற்று உயர்த்திக் கணுக்காலைக் காட்டினாள். அவர் குனிந்து வளையத்தில் நாற்பத்தொன்பதைப் படித்தார். தன்னுடையது ஐம்பத்தைந்து என்று சொல்லி, தூக்குப்போசியை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, அவள் பிடித்துக்கொள்ளத் தன் தோளைக் காட்டினார்.

இருவரும் நடக்கத் தொடங்கினார்கள். மாத்திரையின் தயவில் முதல் நூறு மீட்டர் அவ்வளவு சிரமமாக இல்லை. இருநூறாவது மீட்டரில் அவளுடைய இடுப்பு பூட்டிக்கொண்டது. முந்நூறில் அவர் வேட்டி மறுபடியும் நனைந்தது. அதற்குள் இரண்டு வளையங்களிலும் எண்கள் தொண்ணூறைத் தாண்டியிருந்தன. ஆனால் பட்டியல் ஏழு மணிக்கே முடிந்துவிட்டது. அவள் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் முன்னால் போகாமல் அவளுக்காகக் காத்து நின்றார். பக்கத்தில் தானோடிகள் சத்தமில்லாமல், நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. மருத்துவமனையில் எட்டு மணி அடித்தது.